லைனில் இன்னொருவர்

பிப்ரவரி 6

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கே நான் சௌக்கியம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? காது மெஷின் விஷயமாக டாக்டரைப் பார்த்தாயா? இல்லை, எதிர்வீட்டில் பெயின்ட் அடிக்கிறார்கள், அப்பாவுக்குத் தலைவலி என்று இந்த மாதமும் ஏதாவது காரணம் கிடைத்துவிட்டதா? போனில் நான் அப்பாவோடு அரை மணி நேரம் பேசுகிறேன். அவர் அதை உன்னிடம் "நல்லா இருக்காளாம்" என்று சுருக்கிவிடுகிறார். இப்படியே போனால் என் கல்யாணத்தைக்கூட ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். அதனால்தான் கடிதம்.

வேலை நன்றாகப் போகிறது. எதிர்வீட்டு அக்கா கேட்டால் சொல்வதற்கு வசதியாக மறுபடி விளக்குகிறேன். வேறு நாட்டுக் கம்பெனிகளுக்கு இங்கே உட்கார்ந்து சாஃப்ட்வேர் வேலை செய்துகொடுப்பது எங்கள் தொழில். எங்கள் குழுவுக்கு வாய்த்தது, லிஃப்ட் ரிப்பேர் செய்கிற ஒரு கம்பெனி. எந்த லிஃப்ட் எங்கே நின்றுபோனாலும் பக்கத்தில் எந்த மெக்கானிக் இருக்கிறார் என்று பார்த்து அனுப்புவது எங்கள் புரோகிராம். போன வாரம் ஒரே கட்டடத்துக்கு இரண்டு மெக்கானிக்குகளை அனுப்பிவிட்டது. இரண்டு பேரும் லிஃப்ட் வாசலில் நின்று ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருந்தார்களாம். எங்கே தப்பு என்று கண்டுபிடித்துச் சரிசெய்தாகிவிட்டது.

அங்கே எல்லாவற்றுக்கும் தலைவியாக ஒரு அம்மாள் இருக்கிறார். நாங்கள் 'லிஃப்ட் அம்மா' என்போம். தினமும் மத்தியானம் அவரோடு போனில் பேச்சு. வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார், நாய் குரைத்துக்கொண்டே இருக்கும். ஏப்ரலில் பதவி உயர்வுப் பட்டியல் வருகிறது. நாலு வருஷமாக இதே வேலையில் இருக்கிறேன், இந்தத் தடவை சீனியர் ஆகிவிடுவேன் என்று நினைக்கிறேன்.

அப்பாவைக் கேட்டதாகச் சொல்.

உன் மகள்



பிப்ரவரி 20

என் செல்ல மகளுக்கு,

அம்மா எழுதுவது. முழங்கால் இருக்கிற இடத்தில் இருக்கிறது. நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? முடி கொட்டுகிறது என்றாயே, நின்றதா?

காது மெஷின் வேண்டாம். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வெளியூருக்கு லைன் போட்டுக்கொடுக்கிற டிரங்க் ஆபரேட்டராக முப்பது வருஷம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஊரார் பேச்சையெல்லாம் கேட்டாகிவிட்டது. யாருக்குக் குழந்தை பிறந்தது, யார் வேலை போனது என்று வீட்டுக்காரர்களுக்கு முன்னால் எனக்குத் தெரியும். கேட்டது போதும். இப்போது உன் அப்பா முணுமுணுப்பது காதில் விழுவதில்லை. கல்யாணம் ஆனதிலிருந்து இவ்வளவு நிம்மதியாக நாங்கள் இருந்ததே இல்லை.

நான் அத்தனை வருஷத்தில் லைனில் பேசியது என்னவோ ஒரே வாக்கியம்தான். "லைன் கிடைச்சாச்சு, பேசுங்க." அதற்கப்புறம் வாயைத் திறக்கக் கூடாது. அப்படிப்பட்டவள் பெற்ற பெண் தினமும் வேற்று நாட்டு அதிகாரியோடு அவர்கள் மொழியில் சரிக்குச் சரி பேசுகிறாள் என்று காலையில் நடக்கப் போகிற இடத்திலெல்லாம் சொல்லிவைத்திருக்கிறேன். எதிர்வீட்டு அக்காவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. அவள் மகன் மெயில் மட்டும்தான் அனுப்புகிறானாம்.

அந்த அம்மாள் உன்னை எப்படிக் கூப்பிடுவாள்? உன் பெயர் அவள் வாயில் நுழைகிறதா? இதை மறக்காமல் எழுது.

ஆசிகளுடன்,
அம்மா



மார்ச் 12

அன்புள்ள அம்மாவுக்கு,

நலமாக இருக்கிறேன். முடி கொட்டுவது குறைந்திருக்கிறது. எண்ணெய் பாட்டில் வந்து சேர்ந்தது, மூடி மட்டும் வழியில் கழன்றுபோய் பையெல்லாம் எண்ணெய்.

ஒரு நல்ல செய்தி. எங்கள் குழுவில் சீனியர் ஒருவர் இருக்கிறார். கணீரென்ற குரல், யாரிடமும் கூச்சமில்லாமல் பேசுவார். அவருக்கு ஆபீஸில் வைத்த பெயர் 'மைக்'. லிஃப்ட் அம்மாவுக்கு அவரை மிகவும் பிடித்துப்போய், தங்கள் கம்பெனிக்கே வந்துவிடும்படி கேட்டுவிட்டார். ஜூன் மாதம் கிளம்புகிறார். அவருடைய இடம் காலியாகிறது. மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "அந்த சீட் உனக்குத்தான், தைரியமா இரு" என்றார். எனக்கு வேறெதுவும் வேண்டாம் அம்மா. அந்த ஒரு இடம் போதும்.

லிஃப்ட் அம்மாவைப் பற்றிக் கேட்டாயே. அவருடைய நாற்காலிக்கு ஒரு கால் ஆடும் போலிருக்கிறது, கோபம் வந்தால் அது கிறீச்சிடும். தபால்காரர் வந்தால் நாய் குரைக்கும். "ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு எழுந்துபோவார், தகர டப்பா திறக்கிற சத்தம் கேட்கும், நாய் பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டு அடங்கிவிடும், அப்புறம் கதவு சாத்துவார். சளி பிடித்திருந்தால் பேசுவதற்கு முன்னால் ஒரு தடவை மூச்சை இழுத்துக்கொள்வார். போன வாரம் பூராவும் சளி. நல்ல மனுஷி.

டாக்டரிடம் போ. கெஞ்சிக் கேட்கிறேன்.

உன் மகள்



மார்ச் 24

என் செல்லத்துக்கு,

இங்கே எல்லோரும் நலம். அப்பா மிக்சியைப் பிரித்துப் போட்டிருக்கிறார், சேர்க்கத் தெரியவில்லை.

உன் கடிதங்களை எடுத்துவைத்து ஒன்றன்பின் ஒன்றாகப் படித்தேன். நாய் குரைக்கிறது, டப்பா திறக்கிறது, நாற்காலி கிறீச்சிடுகிறது, சளி பிடித்தவள் மூச்சை இழுக்கிறாள். எல்லாம் எனக்கே கேட்கிற மாதிரி இருக்கிறது. ஆனால் நீ என்ன பேசினாய் என்று ஒரு வரி இல்லை. அவள் உன்னை எப்படிக் கூப்பிடுவாள் என்று கேட்டதற்கும் பதில் இல்லை.

பேசுகிறவர்களுக்கு எதிராளியின் நாற்காலிச் சத்தமெல்லாம் காதில் விழாதம்மா. அடுத்து என்ன சொல்வது என்று யோசிக்கவே அவர்களுக்கு நேரம் சரியாக இருக்கும். இதெல்லாம் யாருக்குக் கேட்கும் தெரியுமா? லைனில் இருந்துகொண்டு வாய் திறக்கக் கூடாத ஆளுக்குக் கேட்கும். எனக்குக் கேட்டது.

காது கேட்காதவள்தானே என்று எனக்கே காது குத்துகிறாயா? நீ அந்த அம்மாளோடு பேசுவதில்லை. சரிதானா?

கோபமில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

அம்மா



ஏப்ரல் 30

அம்மாவுக்கு,

நலம். வேலை அதிகம், எழுத நேரமே கிடைக்கவில்லை. அப்பாவிடம் போனில் பேசிவிட்டேன், சொல்லியிருப்பார். முகவரி தேடிக்கொண்டிருக்க வேண்டாமென்று காது டாக்டரின் கார்டை இத்துடன் வைத்திருக்கிறேன்.

மிக்சிக்குப் புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள். அப்பா கையில் ஸ்க்ரூடிரைவர் கொடுக்காதே.

உன் மகள்



மே 8

அன்பு மகளுக்கு,

கடிதமும் கார்டும் வந்தன. கார்டைப் பருப்பு டப்பாவின் மேல் வைத்திருக்கிறேன், தினமும் கண்ணில் படுகிறது.

அப்பா சொன்னார். என்ன சொன்னார் என்று உனக்கே தெரியும்.

நான் கேட்டிருக்கக் கூடாதோ என்று இருக்கிறது. முன்பு ஒருநாள் எக்ஸ்சேஞ்சில் ஒரு டிரங்க் கால் வந்தது. புருஷன் ஒரு ஊரில், பெண்டாட்டி ஒரு ஊரில். ஏதோ மனஸ்தாபம் போல. லைன் போட்டுக்கொடுத்தேன். இரண்டு பேரும் பேசவில்லை. மற்றவர் முதலில் பேசட்டும் என்று இருவரும் இருக்கிறார்கள், நேரம் ஓடுகிறது. பொறுக்கமாட்டாமல் நடுவில் புகுந்து இன்னொரு தடவை "பேசுங்க" என்றேன். அந்தப் பெண் அழ ஆரம்பித்தாள், அப்புறம் கடகடவென்று பேசினார்கள். சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை.

நீ எழுதாமல் இருந்தபோது தினமும் அது ஞாபகம் வந்தது. உனக்கு இஷ்டமிருந்தால் எழுது. இல்லையென்றால் வெயில் எப்படி இருக்கிறது என்றாவது எழுது, அது போதும்.

அம்மா



மே 26

அன்புள்ள அம்மாவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசுதான் சரியில்லாமல் இருந்தது. வெயிலும் அதிகம், அதையும் எழுதிவிடுகிறேன்.

நீ கண்டுபிடித்தது சரி. நாலு வருஷமாக நான் அந்த அம்மாவோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆறாவது மாடியில் ஒரு கண்ணாடி அறை. நடுவில் மேஜை, மேஜைமேல் ஸ்பீக்கர் போன், அதாவது பேசும் பெட்டி. அதன் முன்னால் மைக் உட்காருவார். எதிரே கம்ப்யூட்டரோடு நான். லிஃப்ட் அம்மா ஏதாவது கேட்டதும் நான் பதிலை டைப் அடிப்பேன், அது மைக்கின் திரையில் வரும், அவர் வாசிப்பார். புரோகிராம் எழுதுவதும் தப்பைத் திருத்துவதும் நான். அவர் பத்து வருஷ அனுபவக்காரர் என்று காட்டித்தான் கம்பெனி அந்த வேலையை வாங்கியது. அவருக்கோ இந்த புரோகிராமைத் திறந்து பார்க்கக்கூட நேரமிருந்ததில்லை. இன்னும் மூன்று கிளையண்டுகளுக்கு அவர்தான் குரல்.

எங்கள் ஆபீஸில் என்னைப் போன்றவர்களை 'நிழல்' என்பார்கள். அந்தப் பக்கத்தில் யாருக்கும் எங்களைத் தெரியாது. தும்மல் வந்தால்கூட அறைக்கு வெளியே போய்த்தான் தும்ம வேண்டும். ஒருநாள் அந்த அம்மா, "உங்க பதில்ல ஒரு நிதானம் இருக்கு, அது எனக்கு ரொம்பப் பிடிக்கும்" என்றார். மைக் நன்றி சொன்னார். அந்த நன்றியைக்கூட நான்தான் டைப் அடித்தேன். அன்றைக்கு ஹாஸ்டல் அறைக்குத் திரும்பி அழுதேன், இப்போது சொல்வதற்கென்ன.

உன்னிடம் ஏன் மறைத்தேன் என்றால், நீ காலையில் நடக்கிற இடத்தில் பெருமையாகச் சொல்வது எனக்குப் பிடித்திருந்தது. அவ்வளவுதான்.

பட்டியல் வந்தது. என் பெயர் இல்லை. காரணம் கேட்டேன். "கிளையண்ட்டுக்கு உன்னைத் தெரியாதேம்மா, எதை வச்சு நான் சிபாரிசு பண்றது?" என்றார் மேனேஜர். தெரியாமல் வைத்திருந்ததே அவர்தான். இப்போது மைக்கின் இடத்துக்கு லிஃப்ட் அம்மா என்னைப் போனில் நேரடியாகக் கேள்வி கேட்டுத் தேர்வு செய்யவேண்டுமாம். அதற்கு மேனேஜர் ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார். "இந்த வாரம்தான் சேர்ந்தேன்னு சொல்லு. புரோகிராம் பத்தி ஒண்ணும் தெரியாத மாதிரி இரு. நாலு வருஷம்னு வாய் தவறிச் சொன்னா காண்ட்ராக்டே போயிடும்." நானே எழுதிய புரோகிராமை முதல் தடவை பார்க்கிற மாதிரி தலையாட்டிக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

செய்துவிடலாம் என்றுதான் நினைக்கிறேன். அந்த இடம் எனக்கு வேண்டும்.

உன் மகள்



ஜூன் 5

என் கண்ணுக்கு,

கடிதம் படித்தேன். அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். அவர் வாயிலிருந்து வந்த வார்த்தையை இங்கே எழுத முடியாது. ஒரு வார்த்தைதான், ஆனால் சுருக்கமாக இல்லை.

ஒன்று சொல்கிறேன். நானும் பேசாமல்தான் இருந்தேன். ஆனால் அது வேறு. அங்கே பேச்சு அவர்களுடையது, நான் வெறும் கம்பி. கம்பி பேசக் கூடாது, அதற்குத்தான் சம்பளம் கொடுத்தார்கள், எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை. உன் கதை அப்படியா? பேச்சு உன்னுடையது. அந்த மைக்தான் கம்பி. கம்பிக்கு ஏன் பாராட்டு?

பொய் சொல்லாதே என்று நான் சொல்லப்போவதில்லை. அந்த இடம் உனக்குக் கிடைக்க வேண்டுமென்று எனக்கும் கொள்ளை ஆசை. நீ எதைச் செய்தாலும் இங்கே கதவு திறந்திருக்கும். தலைக்கு எண்ணெய் வை, வெயிலில் அலையாதே.

அம்மா



ஜூன் 22

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம்.

வியாழக்கிழமை நேர்காணல். கண்ணாடி அறையில் மேனேஜர், மைக், நான். முதல் தடவையாகப் பேசும் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தேன். லிஃப்ட் அம்மா, "உங்க பேர் என்ன?" என்றார். சொன்னேன். இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார், மூன்றாவது தடவை சரியாக வந்தது. "எப்ப சேர்ந்தீங்க?" என்றார். "இந்த வாரம்" என்றேன். மேனேஜர் எனக்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். அப்புறம் அந்த அம்மா புரோகிராமை எனக்கு விளக்க ஆரம்பித்தார். ஒரு இடத்தில் தப்பாக விளக்கினார். பல்லைக் கடித்துக்கொண்டு "அப்படியா" என்றேன்.

அந்த நேரம் பார்த்து நாய் குரைத்தது. தபால்காரர் வந்திருப்பார். லிஃப்ட் அம்மா பாவம் "ஒரு நிமிஷம்" என்று சங்கடத்தோடு சொன்னார். எனக்கு என்ன தோன்றியதோ, "பரவால்ல, கதவைச் சாத்திட்டு வாங்க. டப்பால பிஸ்கட் தீர்ந்துபோச்சுன்னு போன வாரம் சொன்னீங்களே, வாங்கிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

யோசித்துச் சொல்லவில்லை அம்மா. நாலு வருஷமாகத் தினமும் கேட்கிற வீடு. அக்கம்பக்கத்தில் விசாரிக்கிற மாதிரி வந்துவிட்டது.

மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டார். அந்தப் பக்கம் நாய் மட்டும் குரைத்துக்கொண்டிருந்தது. நாற்காலி கிறீச்சிட்டது. "போன வாரம் நான் மைக் கிட்டல்ல சொன்னேன்" என்றார் லிஃப்ட் அம்மா. அவரும் அவரை மைக் என்றுதான் கூப்பிடுவார், அதுதான் அவர் பெயர் என்றே நினைத்திருக்கிறார். அப்புறம், "நீங்க எவ்வளவு நாளா இந்த லைன்ல இருக்கீங்க?" என்றார்.

மேனேஜர் பெட்டியை அணைக்கக் கை நீட்டினார். மைக் அதற்கு முன்னால் அதை எடுத்து என் பக்கம் தள்ளி வைத்தார்.

"நாலு வருஷமா" என்றேன்.

லிஃப்ட் அம்மா சொன்னார்: "நான் எது கேட்டாலும் மைக் கொஞ்சம் நிறுத்தித்தான் பதில் சொல்வார். யோசிச்சுப் பேசற மனுஷன்னு நினைச்சேன். அந்த இடைவெளி, நீங்க டைப் அடிக்கிற நேரமா?"

ஆமாம் என்றேன். அவர் நிதானம் நிதானம் என்று புகழ்ந்ததெல்லாம் அதைத்தான் அம்மா. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

அதோடு விடவில்லை. "இந்த லைன்ல இன்னும் யாராவது பேசாம இருக்கீங்களா? இருந்தா பேர் சொல்லுங்க" என்றார். வெளியே ஹாலில் இரண்டு பேர் தங்கள் மேஜையிலிருந்தே கேட்டுக்கொண்டிருப்பார்கள், அவர்களும் என்னைப் போலத்தான். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ஒருவர் எழுந்து நின்றார், ஹெட்போனைக் கழற்றினார், மறுபடி மாட்டிக்கொண்டார். அப்புறம் லைனில் அவர் குரல் வந்தது. தன் பெயரைச் சொன்னார். கொஞ்சம் கழித்து இன்னொரு பெண்ணும் சொன்னாள். அவளுடைய குரல் அப்படி இருக்கும் என்று தினமும் அதே மாடியில் உட்காருகிற எனக்கே தெரியாது.

லிஃப்ட் அம்மா ஒவ்வொரு பெயராகத் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். "நாளைக்கு உங்க மேனேஜர்கிட்ட பேசறேன்" என்று சொல்லி வைத்துவிட்டார். என்ன ஆகப்போகிறதோ தெரியாது. வீட்டுக்கே வந்துவிடுகிறேனோ என்னவோ. கதவு திறந்திருக்கட்டும்.

உன் மகள்



ஜூலை 4

என் செல்லத்துக்கு,

படித்தேன். அப்பாவும் படித்தார். பிஸ்கட் டப்பா வருகிற இடத்தில் இரண்டு பேரும் சிரித்தோம், அப்புறம் அவர் கண்ணாடியைத் துடைக்கிறேன் என்று எழுந்து போய்விட்டார்.

வேலை இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. உன் பெயர் அவள் வாயில் மூன்றாவது தடவை சரியாக வந்தது என்று எழுதியிருக்கிறாயே, எனக்கு அது போதும்.

பருப்பு டப்பாவின் மேலிருந்த கார்டை எடுத்துக்கொண்டு போனோம். காதில் மெஷின் மாட்டியிருக்கிறது. உலகம் முழுக்க யாரோ அப்பளம் நொறுக்குகிற மாதிரி இருக்கிறது. உன் அப்பா முணுமுணுப்பது எல்லாம் கேட்கிறது, பாதிக்கு மேல் என்னைப் பற்றித்தான். போகப்போகப் பழகிவிடும் என்கிறார் டாக்டர். எதற்குப் பழகச் சொல்கிறார் என்று கேட்கவில்லை.

ஊரார் பேசிக் கேட்டது போதும் என்றேன், அது உண்மைதான். நீ பேசிக் கேட்டு எனக்கு எத்தனை வருஷமாயிற்று. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போன் பண்ணு. அப்பாவிடம் கொடுக்க மாட்டேன்.

அம்மா



ஜூலை 15

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம். போன் பேச ஆரம்பித்துவிட்டாலும் கடிதத்தை நிறுத்தக் கூடாது என்று சொன்னாயே, அதனால் எழுதுகிறேன்.

நேற்று சொன்னதை எதிர்வீட்டு அக்காவுக்கு நீ ஒழுங்காகச் சொல்லவேண்டும் என்பதற்காகத் திரும்பவும் எழுதுகிறேன். இடம் எனக்குத்தான். லிஃப்ட் அம்மா காண்ட்ராக்டில் என்னுடைய அந்த நாலு வருஷத்தையும் சேர்த்து எழுதினால்தான் மேற்கொண்டு பேச்சு என்று சொல்லிவிட்டார். எழுதினார்கள். மேனேஜர் என்னிடம் வேலைக்கு வேண்டியதைத் தவிர ஒன்றும் பேசுவதில்லை, அதுவும் நிம்மதிதான். பெயர் சொன்ன இரண்டு பேரில் அந்தப் பெண்ணுக்கும் இங்கேயே இடம் கிடைத்தது. எழுந்து நின்றாரே, அவரை வேறு மாடிக்கு மாற்றிவிட்டார்கள், அங்கே அவர் மறுபடியும் நிழல்தான். அவரைப் பார்க்கும்போது மனசு கேட்கவில்லை. அவருக்காகவும் பேசுவேன். மைக்கை லிஃப்ட் கம்பெனி எடுத்துக்கொள்ளவில்லை, பயணம் ரத்தாகிவிட்டது. ஒருநாள் டீ வாங்கிக்கொடுத்தார். "இப்பதான் வாசிக்காம பேசப் பழகறேன்" என்றார்.

நேற்று போன் அடித்தபோது உனக்கு ஞாபகமிருக்கிறதா? நீ எடுத்தாய், நான் ஹலோ சொல்லவில்லை. நீயும் சொல்லவில்லை. உன் மூச்சு கேட்டது. பின்னால் அப்பா மிக்சியைத் திருகிப் பார்க்கிற சத்தம் கேட்டது. நீ பேசுவாய் என்று நானும், நான் பேசுவேன் என்று நீயும். இரண்டு பேருக்கும் பழக்கம் அப்படி. எவ்வளவு நேரம் அப்படியே இருந்தோமோ தெரியாது. எனக்கு வைத்துவிடத் தோன்றவில்லை.

அப்புறம் நீ தொண்டையைக் கனைத்துக்கொண்டு, நான் கேட்டே இராத ஒரு ஆபீஸ் குரலில், "லைன் கிடைச்சாச்சு, பேசுங்க" என்றாய்.

நான் என் பெயரைச் சொன்னேன். "யாரு? சரியா கேக்கல, சத்தமா சொல்லுங்க" என்றாய், உனக்குக் கேட்டிருந்தது என்று தெரிந்தும் இன்னொரு தடவை சொன்னேன். பக்கத்து அறைக்காரி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

உன் மகள்